ஓவியத்தைத் தேடப் போய் மூன்று மாத ஓய்வூதியம் போச்சு

திருட்டுப் போன என் ஓவியத்தைக் கண்டுபிடித்துத் தருவதாகச் சொல்லி ஏமாற்றியவர்களிடமிருந்து இன்று காலைதான் கடைசி மின்னஞ்சல் வந்தது. கை இன்னும் நடுங்குகிறது. எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் படையில் இருந்து வந்தவன். பி.டி.எஸ்.டி. இருக்கிறது, அதாவது பயங்கரங்களைப் பார்த்தவர்களுக்கு வரும் மனப் பாதிப்பு. மாத்திரை போட்டாலும் இரவு இரண்டு மணிக்கு மேல் தூக்கம் கிடையாது. இதை ஏன் சொல்கிறேன் என்பது பின்னால் புரியும். என்னோடு இருந்தவன் முகாமில் வரைந்து கொடுத்த எண்ணெய் வண்ண ஓவியம் ஒன்று என் வீட்டில் மாட்டியிருந்தது. ஒரு பாலம், கீழே மங்கலாக ஆறு. அவன் திரும்பி வரவில்லை. விற்கப் போனால் அதற்கு ஒன்றும் தேறாது. வீடு புகுந்தவன் சட்டகத்தைப் பார்த்து ஏமாந்திருப்பான்.

காவல் நிலையத்தில் புகார் கொடுத்துவிட்டு நானே தேட ஆரம்பித்தேன். ஏல அறிவிப்புகள், பழம்பொருள் விற்கும் பக்கங்கள், எல்லாம் ராத்திரி ராத்திரியாக. அப்படித்தான், திருட்டுப் போன கலைப்பொருட்களைக் கண்டுபிடித்துத் தருவதாகச் சொல்லும் ஓர் இணையத்தளத்தில் போய் விழுந்தேன்.

பேசியவர் எடுத்த எடுப்பில் பணம் கேட்கவில்லை. "நானும் படையில் இருந்தவன்தான், அண்ணே. உங்களுக்கும் பட்டாசுச் சத்தம் ஆகாதா?" என்றார். அவ்வளவுதான், நான் காலி. மருத்துவரிடம்கூடச் சொல்லாததை அந்த ஆளிடம் ஒரு மணி நேரம் சொன்னேன். அழுதேன். போனை வைப்பதற்குள் ஒரு மாத ஓய்வூதியத்தைத் தேடுதல் கட்டணமாக அனுப்பியிருந்தேன். பல நாட்டுக் காவல்துறைகளை இணைக்கும் இன்டர்போல் வைத்திருக்கும் திருட்டுக் கலைப்பொருள் பட்டியலில் என் ஓவியத்தை அவர்களே ஏற்றிவிடுவார்களாம்!

பத்து நாளில் ஒரு படம் வந்தது. "கிடங்கு ஒன்றில் இருக்கிறது, பிணைத்தொகை கட்டினால் விடுவிப்பார்கள்." இன்னும் இரண்டு மாத ஓய்வூதியம். ஆக மூன்று மாதம். கட்டிய பிறகுதான் படத்தை ஒழுங்காகப் பார்த்தேன். வலது மேல் மூலையில் ஃபிளாஷ் பட்ட வெள்ளைப் புள்ளி. நான் அனுப்பிய படம்தான் அது, இருட்டாக்கி ஓரங்களை வெட்டியிருந்தார்கள். படையில் என் வேலையே வான்வழிப் படங்களில் எது மாறியிருக்கிறது என்று கண்டுபிடிப்பது!

கேட்டால், முதலில் "கோப்பு சட்டப் பிரிவில் இருக்கிறது." அப்புறம் "அந்த அதிகாரி விடுப்பில் இருக்கிறார்." பிறகு என் எண்ணையே தடுத்துவிட்டார்கள். வேறு எண்ணிலிருந்து கூப்பிட்டபோது ஒரு பெண் எடுத்து, "சார், கொஞ்சம் ஓய்வெடுங்கள்" என்று வைத்துவிட்டார். இன்று வந்த மின்னஞ்சல்: "தங்கள் மனநிலையைக் கருத்தில் கொண்டு இந்த உரையாடலை முடித்துக்கொள்கிறோம்." நம்பிச் சொன்னதையே என் வாயை அடைக்க எடுத்துக்கொண்டார்கள். மூன்று மாத ஓய்வூதியம் போனதைவிட இதுதான் எரிகிறது.

என்ன செய்ய வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன். முடியவில்லை. தெரிந்த வரைக்கும் சொல்கிறேன். இன்டர்போல் பட்டியலில் தனியார் யாரும் பொருளை ஏற்ற முடியாது, அந்தந்த நாட்டுக் காவல்துறை வழியாகத்தான் போகும். அந்தப் பட்டியலில் தேடிப் பார்க்க ஐடி-ஆர்ட் என்ற இன்டர்போலின் செயலி 2021-லிருந்து இலவசமாகவே கிடைக்கிறது. முன்பணம் கேட்டால் போனை வையுங்கள். பாஸ்டனில் கார்ட்னர் அருங்காட்சியகத்தில் 1990-இல் 13 கலைப்பொருட்கள் திருட்டுப் போயின. அந்த அருங்காட்சியகம் அறிவித்திருக்கும் ஒரு கோடி டாலர் சன்மானமே பொருள் நல்ல நிலையில் திரும்பக் கிடைக்கத் துப்புக் கொடுத்தால்தான். எனக்கு இது முன்பே தெரியும். தெரிந்தும் கட்டினேன். ஓவியம் வைத்திருப்பவர்கள் பின்பக்கத்தையும் படம் எடுத்து வையுங்கள், நான் எடுக்கவில்லை.

எங்காவது பார்த்தால்: பாலத்தின் மூன்றாவது தூண் வரைந்து முடிக்காமல் வெறும் வெள்ளையாக இருக்கும். பின்பக்கத் துணியில் பென்சிலால் ஒரு தேதி. காசு கேட்காமல் சொல்லுங்கள்.