‘ஓவர்ஹால் முடிந்தது’ என்ற சீட்டை நம்பி 58,000 யென் கொடுத்த கதை

டோக்கியோவில் நிஷிகசாயிலிருந்து தோசாய் லைன் ரயிலில் கயாபாச்சோ, அங்கே ஹிபியா லைனுக்கு மாறினால் மின்சாதனக் கடைகள் நிறைந்த அகிஹபாரா. இந்த வழியில் எத்தனையோ சனிக்கிழமைகள் வெறுங்கையோடு திரும்பியிருக்கிறேன். போன மார்ச்சில் ஒரு நாள் கையில் பெட்டியோடு திரும்பினேன். வெறுங்கையே தேவலாம் என்று ஆகிவிட்டது.

பெட்டியில் இருந்தது விக்டர் யூஏ-7045, எழுபதுகளின் டோன்ஆர்ம். ரெக்கார்ட் பிளேயரில் ஊசியைத் தாங்கித் தட்டின் மேல் நகரும் கை அது. கடை பெயரைப் போட மாட்டேன். குறுகலான மாடிப்படி ஏறிப் போகும் சின்னக் கடை, அவ்வளவுதான். கழுத்தில் கட்டியிருந்த சீட்டில் ‘ஓவர்ஹால் முடிந்தது’ என்று ஜப்பானிய மொழியில் எழுதி, கீழே 58,000 யென் என்று விலை போட்டிருந்தார்கள்.

ஏன் அந்த ஆர்ம்? என்னிடம் இருப்பது டெனான் டிஎல்-103 கார்ட்ரிட்ஜ், அதாவது ஆர்மின் முனையில் மாட்டும் ஊசிப் பகுதி. 1964-இல் ஜப்பானின் பொது ஒலிபரப்பு நிறுவனமான என்எச்கே-யின் ஒலிபரப்புக்காக உருவானது, 8.5 கிராம் எடை, தட்டின் மேல் 2.5 கிராம் அழுத்தம் கேட்கும், ஊசியைப் பிடித்திருக்கும் பகுதி விறைப்பு, அதனால் கனமான ஆர்ம்தான் பொருந்தும். கிரேஸ் ஜி-707 மாதிரி ஒல்லியான ஆர்மில் மாட்டினால் பாஸ் (தாழ்ந்த ஒலி) காணாமல் போகும். எஃப்ஆர்-64எஸ் முழுக்க ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், இந்த ரகத்துக்கென்றே செய்ததுபோல் இருக்கும். விலையைக் கேட்டு அப்படியே வைத்துவிட்டேன். சேக் டபிள்யூஈ-308 கத்தி முனையில் நின்று ஆடும் ஆர்ம். பார்க்க அழகு, ஆனால் நமக்கு முன்னால் யாராவது ஒருமுறை கீழே போட்டிருந்தால் அந்த முனை சிதைந்திருப்பது வெளியே தெரியாது. மைக்ரோ எம்ஏ-505-இல் தட்டு ஓடும்போதே அழுத்தத்தைத் திருகி மாற்றலாம். எனக்கு ரொம்பப் பிடித்தது அதுதான். அங்கே இருந்ததில் பாதி உதிரிகள் இல்லை. சரி, கார்ட்ரிட்ஜைத் தாங்கும் ஹெட்ஷெல்லைக் கனமானதாகப் போட்டுச் சமாளிக்கலாம் என்று விக்டரை எடுத்தேன்.

கடைக்காரர் ஆர்மை மெல்ல இறக்கும் லிவரைத் தொடாமல் விரலாலேயே தட்டில் வைத்தார். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். வீட்டில் லிவரை இறக்கினால் ஆர்ம் பொத்தென்று விழுகிறது. லிவர் இயக்கும் லிஃப்டுக்குள், ஆர்ம் மெல்ல இறங்குவதற்காக இருக்கும் சிலிகான் எண்ணெய் எப்போதோ போய்விட்டிருக்கிறது. இது பழைய ஆர்ம்களில் சகஜம், பெரிய செலவும் இல்லை. ஆனால் ‘ஓவர்ஹால்’ செய்தவர் கண்ணில் இதுகூடப் படவில்லையா?

அப்புறம் தட்டுகள். நடுத்துளை துளி தள்ளியிருக்கும் தட்டில், 1.8 விநாடிக்கு ஒரு சுற்று என்று ஆர்ம் உள்ளே வெளியே ஆடிக்கொண்டே போகும். என்னுடையது ஆடவில்லை, தாவியது. இரண்டு ஸ்பீக்கரிலும் ஒரே ஒலி வரும் மோனோ தட்டு போட்டால் பாடகரின் குரல் நடுவில் நிற்காமல் அறை முழுக்கச் சிதறிக் கிடந்தது. ஹெட்ஷெல் பக்கம் ஒயர்களில் வெள்ளையும் நீலமும் இடது, சிவப்பும் பச்சையும் வலது. அது சரியாகத்தான் இருந்தது. அடியில் ஒயரைப் புதிதாகப் பற்றவைத்த இடத்தில் சிவப்பும் பச்சையும் இடம் மாறியிருந்தன, அதனால் வலது பக்க ஒலி மட்டும் தலைகீழாகிவிட்டது.

ஆர்ம் சுழலும் பேரிங்கைச் சோதிக்க ஒரு எளிய வழி இருக்கிறது. ஆர்ம் உள்பக்கம் இழுபடுவதைச் சமன்செய்யும் ஆன்டி-ஸ்கேட்டிங்கைப் பூஜ்யத்தில் வைத்து, பின்னால் இருக்கும் எதிர் எடையைத் திருகி ஆர்மை அந்தரத்தில் மிதக்க விடுங்கள். சாதாரண 64 கிராம் (சதுர மீட்டருக்கு) காப்பி பேப்பரில் ஒரு சென்டிமீட்டர் சதுரம் வெட்டினால் 6.4 மில்லிகிராம். அதை ஹெட்ஷெல் மேல் வைத்தால் ஆர்ம் மெல்லத் தலை குனிய வேண்டும். டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 எம்கே2 பிளேயரின் கையேடே உராய்வு 7 மில்லிகிராமுக்குள் என்கிறது. நான் ஒரு துண்டு வைத்தேன், அசையவில்லை. ஐந்து வைத்தேன். எட்டாவது துண்டில்தான் திடுக்கென்று இறங்கியது. பக்கவாட்டில் ஊதினால் பாதியில் நின்றுவிட்டது. லென்ஸ் வைத்துப் பார்த்தபோது பேரிங்கை இறுக்கும் பிவட் திருகில் புதுக் கீறல்கள். தேய்மான ஆட்டத்தை மறைக்க இறுக்கி வைத்திருக்கிறார்கள்.

இதைவிட மோசமானது பின்னால் இருந்தது. இந்த ஆர்மில் எதிர் எடைத் தண்டுக்கும் குழாய்க்கும் நடுவே ரப்பர் உண்டு, அதிர்வைப் பிரிப்பதற்காக. வயதானால் ரப்பர் தளர்ந்து எடை கீழே தொங்கும். யூஏ-7045-இல் எல்லாருக்கும் தெரிந்த கோளாறு இது. ரப்பரை மாற்ற வேண்டும். இவர்கள் வாலை நிமிர்த்தி, இரண்டு டியூப் கலந்து ஒட்டும் எபாக்ஸியை ஊற்றியிருக்கிறார்கள். தண்டின் அடியில் காய்ந்த கோந்துபோல் மஞ்சள் சொட்டு ஒன்று நின்றது.

திரும்ப எடுத்துப் போனேன். கடைக்காரர் ரசீதின் பின்பக்கத்தைக் காட்டி ‘நோ க்ளெய்ம், நோ ரிட்டர்ன்’ என்றார், புன்னகையோடு. கடையில் நேரில் வாங்கியதற்கு கூலிங்-ஆஃப், அதாவது சில நாளுக்குள் காரணம் சொல்லாமல் ரத்து செய்யும் உரிமை, கிடையாது. நுகர்வோர் உதவிக்கு 188-ஐ அழைத்தேன். என் அரைகுறை ஜப்பானிய மொழியைப் பொறுமையாகக் கேட்ட மறுமுனைப் பெண்மணி, வியாபாரி அப்படி ஒரு வரி எழுதிப் பொறுப்பை முழுசாகக் கழற்றிக்கொள்ள முடியாது என்று சொல்லி, சீட்டில் என்ன எழுதியிருந்தது என்று கேட்டார். நல்லவேளை, வாங்கிய அன்றே சும்மா ஒரு படம் எடுத்து வைத்திருந்தேன். கடைக்காரர் இரண்டு வாரம் இழுத்து 20,000 யென் திருப்பித் தந்தார். அலுத்துப்போய் வாங்கிக்கொண்டேன். முழுத் தொகைக்கு நின்றிருக்க வேண்டும்.

கவாசாகியில் ஆர்ம் பழுது பார்க்கும் ஒரு பெரியவர் எபாக்ஸியைச் சுரண்டி, புது ரப்பர் போட்டு, பிவட்டைத் தளர்த்திச் சரிசெய்து, ஒயரையும் மாற்றிக் கொடுத்தார். 26,000 யென். கூட்டிக் கழித்தால் 64,000 ஆயிற்று. பேரிங்கில் தையல் மெஷின் எண்ணெய் விடவே கூடாது, தூசியைச் சேர்த்துப் பசையாக்கிவிடும் என்று இரண்டு முறை சொன்னார்.

வாங்கப் போகிறவர்கள் காகிதத் துண்டு இரண்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போங்கள். ஹெட்ஷெல் மாட்டி மிதக்கவிட்டுக் காட்டச் சொல்லுங்கள். தயங்கினால் இறங்கி வந்துவிடுங்கள். படத்தைப் பார்த்து வாங்குவதானால் பக்கவாட்டில், கண் மட்டத்தில் எடுத்த படம் கேளுங்கள். மேலிருந்து எடுத்த படத்தில் வால் தொங்குவது தெரியாது.

சீட்டு, கீறல், எபாக்ஸி எல்லாவற்றின் படமும் என்னிடம் இருக்கிறது. கேட்டால் அனுப்புகிறேன். கடை பெயரை மட்டும் கேட்காதீர்கள்.