கடைக்கு சொஃப்ட்வெயார் செய்விக்கிறவர்கள் கவனம்: என்னுடைய 185,000 ரூபாய் போச்சு

பரந்தனுக்குக் கிட்ட உரக்கடை வைத்திருக்கிறேன். பில், இருப்பு, கடன் கணக்கு மூன்றையும் கொம்பியூட்டரில் போடலாம் என்று ஒரு சின்ன சொஃப்ட்வெயார் நிறுவனத்திடம் போனேன். பெயர் வேண்டாம். 185,000 ரூபாய் கொடுத்த கோபம் இன்னும் ஆறவில்லை. நீங்கள் மாட்டாமலிருக்க என்ன செய்யலாம் என்று கடைசியில் சொல்கிறேன்.

வந்த தம்பி மரியாதையான பிள்ளை. தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டே நான் சொன்னதையெல்லாம் எழுதினார். பன்னிரண்டு விசயம். "ஒண்டும் விடுபடாது அண்ணை, கையெழுத்து வையுங்கோ" என்றார். வைத்தேன். செய்துமுடித்துக் காட்டிய அன்று, பெயரைத் தட்டினதும் கடன் வந்தது, பில் சர்ரென்று அடித்தது. அங்கேதான் விழுந்தேன். அதற்குள் இருந்தது ஐந்து பேரின் பெயர். என்னிடம் 900 கமக்காரரின் கணக்கு!

காலபோகத்துக்கு யூரியா எடுக்கச் சனம் வரிசையில் நிற்கிறது. திரையில் வட்டம் சுற்றுகிறது. ஒரு பில்லுக்கு இரண்டு நிமிசம். கரண்ட் போய் வந்தது, காலையில் போட்ட 41 பில்லையும் காணவில்லை. யார் எவ்வளவு கடன் என்று அவரவரிடமே கேட்டு எழுதினேன். எல்லோருக்கும் ஒரே பாஸ்வேர்ட் வேறு. கடைப் பெடியன் நினைத்தால் கடனை அழிக்கலாம்.

முதல் நாள் கேட்டால், "நெட் ஸ்லோ அண்ணை." அடுத்த நாள், "கொம்பியூட்டரை மாத்துங்கோ." மூன்றாம் நாள், "நீங்கள் கையெழுத்து வைச்ச பன்னிரண்டும் வேலை செய்யுதுதானே? வேகம், பாதுகாப்பு எண்டு அதில எங்க இருக்கு?" அதோடு போன் எடுப்பதில்லை.

வவுனியாப் பல்கலைக்கழகத்தில் ஐடி படிக்கிற மருமகள் அந்தத் தாளைப் பார்த்துச் சிரித்தாள். "மாமா, இது முழுக்கச் செயல்சார் தேவை. என்ன செய்யவேணும் எண்டு மட்டும்தான் இருக்கு. எவ்வளவு நல்லாச் செய்யவேணும் எண்ட செயல்சாராத் தேவை ஒண்டுமில்லை." வேகம், நம்பகம், பாதுகாப்பு எல்லாம் அதில் வருமாம். சொஃப்ட்வெயாரின் தரத்தைப் பார்க்க ஐஎஸ்ஓ 25010 என்று 2011 இல் சர்வதேசத் தரநிலையே வந்திருக்கிறதாம். வெறுமனே 'வேகமாக' என்று எழுதியும் பிரயோசனமில்லை. '1,000 கணக்கு இருக்கும்போது 3 செக்கனில் பெயர் வரவேண்டும்' என்று அளக்கக்கூடியதாக எழுத வேண்டுமாம். 50 கிலோ மூட்டையையும் தராசில் வைத்துப் பார்த்தே இறக்குகிற எனக்கு இது தோன்றவில்லை.

ஆனாலும் கேட்கிறேன், கரண்ட் போனால் கணக்கு அழியக்கூடாது என்று உரக்கடைக்காரனா எழுதிக் கொடுப்பது? மழைக்கு ஒழுகக்கூடாது என்று மேசனிடம் எழுதி வாங்குகிறோமா? கேட்டு எழுதத்தானே 185,000 வாங்கினார்கள்.

சரி, சொல்கிறேன் என்றது: உங்கள் முழுக் கணக்கையும் ஏற்றி, உங்கள் கடைக் கொம்பியூட்டரிலேயே காட்டச் சொல்லுங்கள். பில் போடும்போதே பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். முழுக்காசை முன்னுக்குக் கொடுக்காதீர்கள். வேறொன்றும் இப்போது வருகிறதில்லை, தலை சூடாக இருக்கிறது.

இன்று காலை வட்ஸ்அப்பில் ஒன்று வந்தது: "அண்ணை, இந்த வருச மெயின்டனன்ஸ் 25,000. வசதிப்பட்டால் போட்டுவிடுங்கோ."