பென்கூலன் ஸ்திரீட் அச்சகம்: தேர்தல் துண்டுப்பிரசுரத்தோடு மூன்று முறை போய்வந்தேன்

சன்ஷைன் பிளாசாவுக்குள் நுழைந்ததுமே காகிதமும் மையும் கலந்த வாசம் வரும். சிங்கப்பூரின் பென்கூலன் ஸ்திரீட்டில் இருக்கும் அந்தக் கட்டடத்தில் அச்சுக்கடைகள் நிறைய. கல்யாணப் பத்திரிகை, பெயரட்டை, பதாகை என்று எதற்கும் அங்கே ஒரு கடை உண்டு. நான் எழுதப்போவது அவற்றில் ஒரு சின்னக் கடையைப் பற்றி. பெயரைப் போட வேண்டாம் என்று கடைக்காரர் கேட்டுக்கொண்டார். எல்லாக் கட்சிக்காரர்களும் அவரிடம் வருகிறார்கள். தன்னை ஒரு பக்கத்து ஆள் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது என்பது அவர் கவலை. நியாயம்தான். நேரில் கேட்பவர்களுக்குக் கடை எண்ணைச் சொல்கிறேன்.

நான் உயர்நிலைப் பள்ளியில் 31 ஆண்டுகள் தமிழ் கற்பித்து ஓய்வு பெற்றவள். என்னிடம் படித்த பெண் ஒருத்தி 2025 பொதுத்தேர்தலில் வேட்பாளராக நின்றாள். மார்ச் 11ஆம் தேதி தொகுதி எல்லை அறிக்கை வந்த அன்று இரவே போன் செய்தாள். "டீச்சர், துண்டுப்பிரசுரத்துல தமிழ்ப் பக்கம் உங்க பொறுப்பு. வேற யாரையும் கேக்க மாட்டேன்" என்றாள். எந்தக் கட்சி, எந்தத் தொகுதி என்பது இங்கே வேண்டாம்.

அவள் கேட்டது சாதாரண வாழ்த்துச் செய்தி இல்லை. ஜெயித்தால் நகர மன்றத்தை எப்படி நடத்துவேன் என்று நான்கு மொழியிலும் சொல்ல வேண்டும் என்றாள். இங்கே நகர மன்றத்துக்கென்று தனியாக வாக்களிப்பு கிடையாது. 1986இல் அங் மோ கியோவில் முன்னோட்டமாகத் தொடங்கி, 1988இல் சட்டமாகி, அடுத்த ஆண்டிலிருந்து மற்ற பேட்டைகளுக்கும் பரவிய ஏற்பாடு இது. தொகுதியில் ஜெயிக்கும் நாடாளுமன்ற உறுப்பினர்தான் நகர மன்றத்தையும் கையில் எடுக்கிறார். நாம் மாதாமாதம் கட்டும் பராமரிப்புக் கட்டணம் அங்கேதான் போகிறது. மின்தூக்கி, நடைபாதை விளக்கு, குப்பை, அடுக்குமாடி புளோக்குக்குச் சாயம் பூசுவது எல்லாம் அவர்கள் பொறுப்பு. ஆகவே பொதுத்தேர்தலில் நிற்பவர் யாராக இருந்தாலும் நகர மன்றத்துக்கும் சேர்த்தே நிற்கிறார். என் மாணவி இதைத்தான் முதல் வரியாகப் போடச் சொன்னாள். பக்கத்தின் தலைப்பும் அவள் சொன்னதுதான்: "மின்தூக்கி பழுதானால் யாரை அழைப்பது?" அதன் கீழே 24 மணி நேர அவசரப் பராமரிப்புப் பிரிவின் எண். ஜெயித்தாலும் தோற்றாலும் அந்த எண் மக்களுக்கு உதவும் என்றாள்.

ஏப்ரல் 15ஆம் தேதி நாடாளுமன்றம் கலைக்கப்பட்டது. மறுநாளே வேறோர் அச்சகத்திலிருந்து மாதிரிப் படி வந்தது. அதை எந்தக் கடை என்று சொல்லப் போவதில்லை. ஆங்கிலமும் சீனமும் மலாயும் கண்ணாடி போல் இருந்தன. தமிழ்ப் பக்கத்தைப் பார்த்தபோது எனக்கு வயிறு எரிந்தது. எழுத்துக்கு முன்னால் நிற்க வேண்டிய கொம்பு பின்னால் போய் நின்றது. "தொகுதி" என்ற சொல்லை எழுத்துக்கூட்டிக்கூட வாசிக்க முடியவில்லை. வரி மடங்கும் இடத்தில் "பராமரி" என்று ஒரு வரி முடிந்து, அடுத்த வரி "ப்பு" என்று தொடங்கியது. தமிழில் புள்ளி வைத்த எழுத்தை வரியின் தலையில் நிறுத்தக் கூடாது என்று ஆரம்பப் பள்ளிப் பிள்ளைக்கும் சொல்லிக் கொடுப்போம். திருத்தம் எழுதி அனுப்பினேன். "உங்கள் கோப்பில்தான் கோளாறு, எங்கள் திரையில் சரியாகத்தான் தெரிகிறது" என்று பதில் வந்தது.

இந்த ஊரில் இப்படி நடக்கலாமா என்பதுதான் என் ஆதங்கம். தமிழை இணையத்தில் ஏற்றியவர்களில் முன்னோடியான நா. கோவிந்தசாமி நம் ஊர்க்காரர். 1995லேயே சிங்கப்பூர்க் கவிதைகள் தமிழ் எழுத்தில் இணையத்தில் ஏறிவிட்டன, அவருடைய உழைப்பால். 1997இல் முதல் தமிழ் இணைய மாநாடு நடந்ததும் இங்கேதான். தமிழ் இங்கே ஆட்சிமொழி. வாக்கு கேட்டு வரும் காகிதத்தில் தமிழ் உடைந்து கிடந்தால், அதை வாங்கும் பெரியவருக்கு என்ன தோன்றும்? நம்மைக் கணக்கில் எடுக்கவில்லை என்றுதானே தோன்றும்.

சரி, கடைக்கு வருகிறேன். வியாழக்கிழமை மத்தியானம் பென்கூலன் எம்ஆர்டி ரயில் நிலையத்தில் இறங்கினேன். அந்த நிலையம் தரைக்கு 43 மீட்டர் கீழே இருக்கிறது. மின்படிகளில் ஏறி மேலே வரவே நேரம் பிடித்தது. கடையில் அறுபது வயதைத் தாண்டிய சீனப் பெரியவர், கணினி முன்னால் இளம்பெண் ஒருத்தி, அவ்வளவுதான். அங்கிள் என்னிடம் மலாயில்தான் பேசினார். நான் தாளை நீட்டியதும் அவர் தேடியது படத்தையோ வண்ணத்தையோ இல்லை, கடைசி வரியை. தேர்தல் காகிதத்தில் அச்சிட்டவர் யார், வெளியிட்டவர் யார், யாருக்காக வெளியிடப்பட்டது என்ற விவரம் இருந்தே ஆக வேண்டும். எங்கள் தாளில் அச்சிட்டவர் பெயருக்கு இடமே விடவில்லை. "இது இல்லாம நான் ஒரு தாள்கூட ஓட்ட மாட்டேன்" என்றார். முன்பும் தேர்தல் வேலை செய்த கை என்று அதிலேயே தெரிந்தது.

அந்தப் பெண்ணுக்குத் தமிழ் ஓர் எழுத்துகூடத் தெரியாது. இருந்தாலும் கொம்பு ஏன் இடம் மாறுகிறது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. இன்டிசைன் மென்பொருளில் பத்தி அமைப்பை "வேர்ல்ட்-ரெடி கம்போசர்" என்று மாற்றினாள். என் கண் முன்னே கொம்புகள் எல்லாம் தத்தம் இடத்துக்குப் போய் நின்றன. ஒரு நிமிட வேலை! முதல் கடையில் இரண்டு நாளாகக் கோப்பின் மேல் பழி போட்டுக்கொண்டிருந்தார்கள்.

அப்புறம் அவள் செய்ததைத்தான் இந்த மதிப்புரையில் முக்கியமாகச் சொல்ல வேண்டும். நான் கொண்டுபோன தாளைத் திரைக்குப் பக்கத்தில் ஒட்டிவைத்துக்கொண்டு, பென்சில் முனையால் ஒவ்வொரு வரியிலும் புள்ளிகளை எண்ணினாள். தலைப்பில் நிறுத்தினாள். "உங்க தாள்ல நாலு புள்ளி இருக்கு. இங்க மூணுதான் வருது" என்றாள். பார்த்தால், பெரிய எழுத்துக்காக வேறோர் எழுத்துரு போட்டதில் "தூக்கி" என்பதில் இருந்த புள்ளி காணாமல் போயிருந்தது. முப்பது ஆண்டு கட்டுரை திருத்திய என் கண்ணுக்கு அது படவில்லை, ஏனென்றால் நான் சொல்லாக வாசித்துவிட்டேன். அவள் வடிவமாகப் பார்த்தாள். அந்த இடத்தில் எழுந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

எழுத்தின் அளவிலும் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. நான்கு மொழிக்கும் ஆளுக்கு ஒரு ஏ5 பக்கம். ஆங்கிலத்தில் பாதிப் பக்கத்தில் முடிகிற செய்தி தமிழில் முக்கால் பக்கத்துக்கு மேல் போகும். பெரும்பாலான இடங்களில் தமிழைச் சுருக்கி 8 பாயின்ட் அளவில் அடைத்துவிடுவார்கள். ஆனால் தமிழ்ப் பக்கத்தைப் பார்ப்பவர்களில் பாதிப்பேர் மூக்குக் கண்ணாடி போட்டவர்கள். 11 பாயின்ட்டுக்குக் கீழே போகக் கூடாது என்றேன். அங்கிள் கொஞ்சமும் யோசிக்காமல், "படத்தைச் சின்னதாக்கு" என்று அந்தப் பெண்ணிடம் சொன்னார். வேட்பாளரின் படத்தைச் சின்னதாக்கலாமா என்று நான் அங்கிருந்தே என் மாணவிக்குப் போன் போட்டேன். "ஆக்குங்க டீச்சர், என் மூஞ்சிய வீடு வீடா நேர்லயே காட்டிக்கிறேன்" என்றாள்.

பெரிய வெள்ளி விடுமுறையன்றும் கடை திறந்திருந்தது. அன்று நான் போனது ஒரே ஒரு சொல்லுக்காக. பெரிய பழுதுகளுக்காக நகர மன்றம் கட்டணத்தில் ஒரு பகுதியை ஒதுக்கி வைக்கிறதே, அந்த நிதிக்கு ஆங்கிலத்தில் இருக்கிற "சிங்கிங் ஃபண்ட்" என்ற பெயரை மொழிபெயர்ப்புக் கருவி "மூழ்கும் நிதி" என்று கொடுத்திருந்தது. குழுவில் ஒரு தம்பி அதை அப்படியே ஏற்றிவிட்டார். கட்டிய பணம் மூழ்கப்போகிறது என்றா மக்களிடம் சொல்வது? "சேமநிதி" என்று எழுதினால் மத்திய சேமநிதி நினைவுக்கு வரும். ஓய்வுக்காலப் பணத்தில் கை வைக்கிறார்கள் என்று யாராவது பதறிவிடுவார்கள். இரவெல்லாம் யோசித்து "பெரிய பழுதுகளுக்கென்று எடுத்துவைக்கும் தொகை" என்று எழுதினேன். நீளம்தான், ஆனால் யாருக்கும் விளங்கும். மூன்றாவது முறையாகப் பக்கத்தைக் கலைத்து அடுக்க வேண்டியிருந்தது. அதற்கு 15 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வாங்கினார்கள். வேலை பார்த்ததற்குக் கூலி, அதில் எனக்கு வருத்தமில்லை.

ஏ4 தாளை ஒரு மடிப்பு மடித்து, 128 ஜிஎஸ்எம் காகிதத்தில், 5,000 படி. மொத்தம் 555 வெள்ளி, அந்த 15உம் சேர்த்து. விலைச்சீட்டில் அளவு, எண்ணிக்கை, தேதி எல்லாம் தனித்தனியாக எழுதிக் கொடுத்தார் அங்கிள். நான் கேட்காமலேயே கொடுத்தார். வேட்பாளருக்கு இது பெரிய உதவி. 2025இல் ஒரு வாக்காளருக்கு 5 வெள்ளி வரை செலவு செய்யலாம் என்று வரம்பு இருந்தது, அதற்கு முன்பு 4 வெள்ளி. முடிவு அரசிதழில் வந்த 31 நாளுக்குள் செலவுக் கணக்கை ஒப்படைக்க வேண்டும். தேர்தல் முகவர் ரசீதுகளைத் தேடி அலைந்த நாள்களில் இந்த ஒரு சீட்டு மட்டும் கேள்வி இல்லாமல் கணக்கில் ஏறியது.

குறைகளும் உண்டு. வீட்டுக்குக் கொண்டுவந்து தர மாட்டார்கள். பத்துப் பெட்டிகளை நாங்களே டாக்சியில் ஏற்றினோம். வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்பினால் பதில் வர அரை நாள் ஆகும், அவசரம் என்றால் போன்தான். முதல் பெட்டியில் இருந்த படிகளில் வேட்பாளர் முகத்தில் மஞ்சள் கொஞ்சம் தூக்கலாக விழுந்திருந்தது. சொன்னதும் மற்றப் பெட்டிகளைத் திறந்து பார்த்து, சரியில்லாத நூற்றுச் சொச்சம் படிகளுக்குப் பதில் புதிதாக ஓட்டிக் கொடுத்தார்கள். அதற்காக ஒரு நாள் காத்திருக்க வேண்டியிருந்தது. 23ஆம் தேதி வேட்புமனுத் தாக்கல். அந்த வாரத்தில் ஒரு நாள் என்பது சின்ன விஷயமில்லை.

வேட்பாளரின் பாடு எப்படிப்பட்டது என்பதை அந்த ஒன்பது நாளில்தான் பக்கத்திலிருந்து பார்த்தேன். 13,500 வெள்ளி வைப்புத்தொகை கட்ட வேண்டும். எட்டில் ஒரு பங்கு வாக்கு வராவிட்டால் அது போய்விடும். முன்மொழிபவர், வழிமொழிபவர், அவர்களோடு குறைந்தது நான்கு பேர், எல்லாரும் அந்தத் தொகுதியின் வாக்காளர்களாக இருக்க வேண்டும். இதெல்லாம் முடிந்த பிறகுதான் நடையே தொடங்குகிறது. மேல்மாடிக்குப் போய் ஒவ்வொரு தளமாகப் படியில் இறங்கிக்கொண்டே கதவைத் தட்டினோம். வாக்களிப்புக்கு முந்தின நாளான மே 2 பிரசார ஓய்வு நாள், அன்று ஒரு தாள்கூடக் கொடுக்கக் கூடாது. ஆகவே மே 1 இரவுக்குள் 5,000 படியும் கைமாறியாக வேண்டும். தொழிலாளர் தினத்தன்று என் மாணவியின் குரல் கட்டிப்போய்விட்டது. அவளால் பேச முடியாத வாசல்களில் அந்தத் தாள்தான் பேசியது.

ஒரு புளோக்கின் நான்காம் மாடியில் பாட்டி ஒருவர் கம்பிக்கதவுக்குப் பின்னால் நின்றபடி தாளை வாங்கினார். மடிப்பைத் திருப்பித் திருப்பித் தமிழ்ப் பக்கத்தைக் கண்டுபிடித்தார். "மின்தூக்கி பழுதானால் யாரை அழைப்பது?" என்று விரல் வைத்து உரக்க வாசித்தார். "யாரம்மா?" என்று என்னைக் கேட்டார். நான் அடுத்த வரியைக் காட்டினேன். அந்த எண்ணையும் அவரே ஒவ்வொன்றாக வாசித்தார். பிறகு உள்ளே போய், தொலைபேசிக்கு மேலே சுவரில் இருந்த நாள்காட்டியின் ஆணியில் தாளைக் குத்தி மாட்டினார்.

தேர்தல் மட்டுமில்லை, கோயில் விழா, குடியிருப்பாளர் கூட்டம் என்று தமிழில் எதை அச்சிட வேண்டியிருந்தாலும் இந்தக் கடைக்கு நான் திரும்பப் போவேன். போகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். தமிழ்ப் பகுதியைக் கோப்பாக மட்டும் அனுப்பாதீர்கள். சரியாகத் தெரிகிற ஒரு தாளில் அச்செடுத்துக் கையில் கொண்டுபோங்கள். அந்தப் பெண் புள்ளி எண்ணுவதற்கு அது வேண்டும்.