6 பின் வயர் கேட்கிற கிராபிக்ஸ் கார்டா, ஸ்லொட் கரண்டே போதுமென்ற கார்டா?

விசுவமடுவில் கலியாணவீடு, சாமத்தியவீடு வீடியோ எடுத்து எடிட் பண்ணிக் கொடுப்பது என் தொழில். போன சோளகத்தில் ஒரு பின்னேரம் எடிட் பண்ணுகிற கம்பியூட்டரைப் போட சுவிட்சை அமத்தினேன். உள்ளே இருந்த ஃபேன்கள் எல்லாம் கால் சுற்று துடித்து அப்படியே நின்றுவிட்டன. திரும்ப அமத்தினாலும் அதே துடிப்புத்தான்.

இப்படி நடந்தால் எல்லாரும் முதலில் பார்ப்பதை நானும் பார்த்தேன். கிராபிக்ஸ் கார்ட் மதர்போர்ட் ஸ்லொட்டில் சரியாக இருக்கிறதா, பவர் சப்ளையிலிருந்து அதற்கு வரும் 6 பின் வயர் 'கிளிக்' என்று பூட்டியிருக்கிறதா, மொனிட்டர் வயர் கார்டில்தான் குத்தியிருக்கிறதா என்பவை. கார்டின் ஃபேன் சுற்றவில்லை என்பதற்காகக் கார்ட் செத்துவிட்டது என்று முடிவு கட்டவேண்டாம். சூடு ஏறாதவரை ஃபேனை நிறுத்தி வைக்கிற கார்டுகள் நிறைய உண்டு. என் மெஷினின் கோளாறு அந்த ரகமில்லை. கிராபிக்ஸ் கார்டைக் கழற்றிவிட்டு அமத்தினால் மற்ற ஃபேன்கள் ஒழுங்காகச் சுற்றின. மல்ரிமீற்றரைப் பீப் சத்தத்தில் வைத்து, கார்டின் 6 பின் சொக்கெற்றில் 12 வோல்ட் பின்னையும் கிரவுண்ட் பின்னையும் தொட்டேன். விடாமல் கத்தியது. கிளிப் இருக்கிற பக்கம் கிரவுண்ட் வரிசை, எதிர்ப்பக்கம் 12 வோல்ட். இரண்டும் உள்ளுக்குள் ஒட்டிப்போனால் பவர் சப்ளை தன்னைக் காப்பாற்ற உடனே நின்றுவிடும். அந்தத் துடிப்பின் காரணம் அதுதான்.

செத்தது என்விடியாவின் 6 ஜிபி ஜிடிஎக்ஸ் 1060. 120 வாட் கார்ட். ஸ்லொட் ஆகக்கூடியது 75 வாட்தான் கொடுக்கும் என்பதால் மிச்சத்தை 6 பின் வயரால் இழுக்கும். எனக்கு முன்னால் இரண்டு வழிதான் இருந்தன. அதையே திருத்தி ஓட்டுவது, இல்லையென்றால் வயரே தேவைப்படாத 75 வாட் கார்ட் ஒன்றுக்கு மாறுவது. நான் இரண்டையும் செய்துவிட்டேன்.

முதலில் திருத்தினேன். பரந்தன் வந்து, ஆனையிறவு தாண்டி, யாழ்ப்பாணத்தில் ஒரு கடை. அங்கே வேலை செய்கிற தம்பி கார்டில் கரண்டைத் திறந்து மூடுகிற மொஸ்ஃபெற் என்ற சின்னப் பாகம் எரிந்திருந்ததை எடுத்துப் புதுசு வைத்து ஓடவைத்துத் தந்தான். வேலை சுத்தம். கையில் தரும்போது, "அண்ணை, கார்ட் சரி. உங்கட பவர் சப்ளையை ஒருக்கா அளந்து பாருங்கோ" என்றான். அளக்கவில்லை. மூன்று மாதத்தில் அதே கார்ட், அதே துடிப்போடு திரும்பவும் போனது.

அதற்குப் பிறகுதான் ஒரு நண்பரின் 6 பின் கார்டை இரவல் வாங்கிக் குத்தி, வீடியோ ரெண்டர் ஓடும்போதே பிளக்கின் பின்பக்கத்தில் மஞ்சள், கறுப்பு வயர்களை அளந்தேன். 11.18 வோல்ட். கம்பியூட்டர் பவர் சப்ளைக்கான ஏரிஎக்ஸ் தரக் கணக்கில் 12 வோல்ட் 5 வீதம் ஏறி இறங்கலாம். அதாவது 11.40க்குக் கீழே போகக்கூடாது. கேசிங்கோடு சேர்ந்து வந்த பவர் சப்ளை அது, மேலே 500 வாட் என்று ஒட்டியிருக்கிறது. கார்டைக் கொன்றது அதுதான் என்று மீற்றர் சத்தியம் பண்ணாது. ஆனால் அந்தப் பெட்டியில் இன்னொரு 120 வாட் கார்டை நம்பி வைக்க எனக்கு மனம் வரவில்லை.

இந்தக் கேள்வியின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது. 6 பின், 8 பின் கார்ட் வாங்குகிறவர் கார்டை மட்டும் வாங்கவில்லை. நல்ல பவர் சப்ளையும் சேர்த்து வாங்குகிறார். நல்ல பவர் சப்ளை என்றால் யூபிஎஸ்ஸும் அதற்கு ஏற்றதாக வேண்டும். 650 விஏ என்று விற்கிற சின்ன யூபிஎஸ் பெரும்பாலும் 360 வாட் அளவுதான் தாங்கும். பற்றரியில் ஓடும்போது அது தருகிற கரண்டின் அலை வேறு வழவழப்பாக இல்லாமல் படிப்படியாக வெட்டி வரும். சில நல்ல பவர் சப்ளைகளே அந்த அலைக்கு மாறும் கணத்தில் நின்றுவிடும். எங்கள் பக்கம் பின்னேரத்தில் வோல்டேஜ் தாழ்ந்து லைற் மங்குவதும், காற்றுக்குக் கரண்ட் போய்ப்போய் வருவதும் எல்லாருக்கும் தெரியும். கரண்ட் போவதைவிட வந்து போய் வருகிற அந்த அஞ்சு நிமிஷம்தான் மெஷினுக்குக் கூடாது.

வயர் கேட்காத ஸ்லொட் கார்டில் இந்தச் சங்கிலி சுருங்கிவிடுகிறது. உருகுகிற பிளக் இல்லை. மொலெக்ஸ் என்ற பழைய 4 பின் வயரிலிருந்து மாற்றி எடுக்கும் அடப்ரர் இல்லை. ப்ரொசெஸருக்குப் போகும் 8 பின்னைத் தவறிக் கார்டில் அமுக்குகிற ஆபத்தும் இல்லை. அதில் 12 வோல்ட் வரிசையும் கிரவுண்ட் வரிசையும் இடம் மாறி இருக்கும், பலவந்தமாக அமுக்கினால் கதை முடிந்தது. செம்புழுதி அடைத்தால் கழற்றி ஊதிப் பூட்டுவது அஞ்சு நிமிஷ வேலை. அதனால் 4 ஜிபி ஜிடிஎக்ஸ் 1650 எடுத்தேன். பவர் சப்ளையையும் மாற்றினேன், ஆனால் இந்தக் கார்டுக்குப் பெரிசு தேவைப்படவில்லை. பழைய யூபிஎஸ்ஸே இப்போது கரண்ட் போனால் வேலையைச் சேவ் பண்ணி நிறுத்துமளவுக்குத் தாங்குகிறது.

இழந்தது என்ன? வேகத்தில் 1060 ஒரு படி மேலே. 6 ஜிபி நினைவகம் இருந்த இடத்தில் 4 ஜிபி. டாவின்சி ரிசோல்வ் என்ற எடிட்டிங் மென்பொருளில் 4கே வீடியோவுக்கு நிறம் திருத்தி, நொய்ஸும் குறைக்கப் போனால் கார்டின் நினைவகம் நிரம்பிவிட்டதென்று எச்சரிக்கை வரும். ப்ரொக்ஸி, அதாவது வீடியோவின் சின்ன நகல், போட்டு வெட்டி, இரவில் ரெண்டருக்கு விட்டுவிடுகிறேன். கேம் விஷயத்தில் என் சொல்லை எடுக்காதீர்கள், நான் விளையாடுவதில்லை. விளையாடத்தான் மெஷின் என்கிற பெடியள் பவர் சப்ளைக்குக் காசை ஒதுக்கிவிட்டு 6 பின், 8 பின் பக்கம் போவதில் நியாயம் இருக்கிறது.

1060ஐத் திரும்பவும் திருத்தாததற்கு இன்னொரு காரணமும் உண்டு. அது 2016இல் வந்த, என்விடியாவின் பாஸ்கல் என்ற கார்டுத் தலைமுறை. அதற்கான வழமையான டிரைவர்களை என்விடியா 2025 ஒக்டோபரோடு நிறுத்திக்கொண்டது. வயர் கேட்காத 1050 டிஐயும் அதே தலைமுறைதான். செக்கண்ட் ஹாண்டில் மலிவாகக் கிடைத்தாலும் யோசித்து எடுங்கள்.

ஸ்லொட் கார்ட் என்று கேட்டு வாங்கும்போதும் கையில் எடுத்துப் பார்க்கவேண்டும். 1650இலேயே சில கொம்பனிகள் 6 பின் சொக்கெற் வைத்திருக்கின்றன, கார்டின் மேல் விளிம்பில் தெரியும். 53 வாட்டில் ஓடுகிற ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 6400 ஆசைகாட்டும். ஆனால் அதில் வீடியோவைச் சுருக்கிப் பதிகிற என்கோடர் இல்லை, எங்கள் தொழிலுக்கு உதவாது. அடுத்து நான் எடுப்பதென்றால் 2024இல் வந்த 70 வாட் ஆர்ரிஎக்ஸ் 3050தான். பெட்டியில் 6 ஜிபி என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். 8 ஜிபி 3050 வேறு கார்ட், அது 130 வாட் வரை இழுக்கும், வயரும் கேட்கும்.