அசிம் பிரேம்ஜி பல்கலைக்கழகம்: குமரி மாவட்டத்திலிருந்து ஒரு மதிப்பீடு

கலை, அறிவியல், சமூக அறிவியல் பாடங்களை இணைத்துப் படிக்கும் 'லிபரல் ஆர்ட்ஸ்' கல்வி என்ற பெயரில் இந்தியாவில் கடந்த சில பத்தாண்டுகளில் தொடங்கப்பட்ட தனியார் பல்கலைக்கழகங்கள் பல. அவற்றுள், நடுத்தர வருமானமும் அதற்குக் கீழான வருமானமும் உள்ள குடும்பத்துப் பிள்ளைகளுக்கு நான் தயங்காமல் பரிந்துரைக்கக்கூடியது பெங்களூரிலுள்ள அசிம் பிரேம்ஜி பல்கலைக்கழகம். மேல்நிலை வகுப்புகளுக்கு வரலாறு கற்பிக்கும் ஆசிரியை என்ற முறையில், அந்தப் பல்கலைக்கழகம் ஆண்டுதோறும் என்ன செய்கிறது, அடுத்து எங்கே போகத் திட்டமிடுகிறது என்பதைத் தொடர்ந்து கவனித்துவருகிறேன். என் பரிந்துரையில் ஒரு பெரிய குறைபாட்டையும், தமிழ்நாட்டு மாணவர்கள் முன்கூட்டியே எண்ணிப்பார்க்க வேண்டிய இரண்டு நடைமுறைச் சிக்கல்களையும் சேர்த்தே சொல்ல வேண்டியிருக்கிறது.

கலைக் கல்வி நம் மாவட்டத்துக்குப் புதிதன்று. நாகர்கோவில் ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரி 1893-இலேயே கல்லூரி நிலைக்கு உயர்ந்தது. தென்திருவிதாங்கூர் இந்துக் கல்லூரி 1952-இல் வந்தது. மார்த்தாண்டம் நேசமணி நினைவுக் கிறிஸ்தவக் கல்லூரியும் நாகர்கோவில் ஹோலி கிராஸ் மகளிர் கல்லூரியும் 1960-களில் வந்தன. 1990-இல் திருநெல்வேலியில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் தோன்றியபின் இந்தக் கல்லூரிகள் அதன் குடைக்குள் வந்தன. 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 91.75 சதவீத எழுத்தறிவோடு இம்மாவட்டம் தமிழ்நாட்டிலேயே முதலிடத்தில் நின்றதற்கு இந்த நிறுவனங்களும் இவற்றுக்கு ஆசிரியர்களைத் தந்த ஊர்களும் காரணம். ஆகவே வெளிமாநிலத்துப் பல்கலைக்கழகம் ஒன்றை நாம் மதிப்பிடும்போது, கண்ணாடிச் சுவர் வைத்த வளாகத்தைப் பார்த்து மலைக்க வேண்டியதில்லை. இங்கே கிடைக்காத எதை அது தருகிறது என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு.

கர்நாடகச் சட்டமன்றம் இயற்றிய தனிச் சட்டத்தின்படி 2010-இல் நிறுவப்பட்ட இந்தப் பல்கலைக்கழகம், 2011-இல் கல்வியியல், மேம்பாடு ஆகிய துறைகளில் முதுகலைப் படிப்புகளுடன் தொடங்கியது. இளங்கலைப் படிப்புகள் 2015-இல்தான் வந்தன. இந்த வரிசையே எனக்குப் பிடித்திருக்கிறது. பெரும்பாலான தனியார் நிறுவனங்கள் கட்டணம் செலுத்தும் இளங்கலை மாணவர்களை முதலில் சேர்த்துக்கொண்டு, ஆராய்ச்சியையும் முதுகலையையும் பின்னால் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைப்பது வழக்கம். இவர்கள் அதைத் தலைகீழாகச் செய்தார்கள். பள்ளிக் கல்வியையும் கிராமப்புற மேம்பாட்டையும் ஆழமாகப் படிக்கும் ஆசிரியர் குழு ஒன்றை நான்காண்டுக் காலம் சேர்த்து, அதன்பிறகே பதினேழு, பதினெட்டு வயதுப் பிள்ளைகளை உள்ளே அழைத்தார்கள். பெங்களூரின் எலக்ட்ரானிக் சிட்டி பகுதியில் வாடகைக் கட்டடங்களில் பல ஆண்டுகள் நடந்த வகுப்புகள், பின்னர் சர்ஜாபூர் பகுதியிலுள்ள சொந்த வளாகத்துக்கு மாறின. வளாகம் கடைசியில் வந்தது என்பதை ஒரு நற்சான்றாகவே கொள்கிறேன்.

இளங்கலைப் பாடத்திட்டத்தின் அமைப்பு நம் கல்லூரிகளிலிருந்து வேறுபடும் இடம், மாணவர் தம் முதன்மைப் பாடத்தோடு பொதுப் பாடங்களையும் களப்பணியையும் கட்டாயமாகச் சுமக்க வேண்டும் என்பதே. பொருளியல் படிப்பவர் இந்தியச் சமூகத்தின் உருவாக்கத்தைப் படிக்கிறார். உயிரியல் படிப்பவர் எழுத்திலும் தர்க்கத்திலும் பயிற்சி பெறுகிறார். நம் மாநிலத்தில் இளங்கலையில் பகுதி ஒன்று தமிழ், பகுதி இரண்டு ஆங்கிலம், அதன்பின் முதன்மைப் பாடம், துணைப் பாடம் என்ற அமைப்பு நெடுங்காலமாக இருக்கிறது. அதுவும் பல்துறைக் கல்விதான். ஆனால் துணைப் பாடம் முதன்மைப் பாடத்தோடு பேசுவதில்லை. வரலாறு படிக்கும் மாணவிக்குத் துணைப் பாடமாக வரும் பொருளியல், குறிப்பேட்டில் தனியாகத் தொடங்கித் தனியாகவே முடிந்துவிடுகிறது. திருவிதாங்கூரின் நிலவரி முறையைப் படிக்கும்போது அந்தப் பொருளியலைப் பயன்படுத்தச் சொல்லி யாரும் கேட்பதில்லை. இந்த இணைப்பைக் கட்டாயமாக்குவதே இப்பல்கலைக்கழகத்தின் உண்மையான பலம் என்று கருதுகிறேன்.

முதுகலைக் களப்பணியைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். அங்கே படித்துவந்த எங்கள் பகுதி மாணவி ஒருத்தி, வடகர்நாடகக் கிராமம் ஒன்றில் அரசுப் பள்ளி ஆசிரியர்களோடு சில வாரங்கள் தங்கியிருந்து எழுதிய அறிக்கையை எனக்குக் காட்டினாள். கடற்கரை ஊரில் பிறந்தவள். மீன்பிடித் தடைக்காலத்தில் குடும்பங்கள் எப்படிக் கடன் வாங்குகின்றன என்பதைச் சிறுவயதிலிருந்தே அறிந்தவள். அந்த அறிவை வைத்துக்கொண்டு, வறண்ட நிலத்தில் விதைப்புக் காலத்துக்கு முன் பிள்ளைகள் பள்ளிக்கு வராமற்போவதை அவள் விளக்கியிருந்த விதம் என்னை நெகிழவைத்தது. தான் பிறந்த இடத்தைப் பற்றிய அறிவை வேறோர் இடத்தைப் புரிந்துகொள்ளும் கருவியாக மாற்றிக்கொள்ளப் பழக்கியிருக்கிறார்கள். தேர்வுக்கு முந்தைய வாரத்தில் வழிகாட்டி நூலை மனப்பாடம் செய்யும் பிள்ளைகளுக்கு இத்தகைய பயிற்சி கிடைக்க வழியே இல்லை.

ஆராய்ச்சியைப் பொறுத்தவரை, 2018 முதல் இப்பல்கலைக்கழகம் வெளியிட்டுவரும் 'ஸ்டேட் ஆஃப் வொர்க்கிங் இந்தியா' என்ற, நாட்டின் வேலைவாய்ப்பு நிலை பற்றிய அறிக்கைகள் நாடெங்கும் மேற்கோள் காட்டப்படுகின்றன. பெருந்தொற்றின் முதல் ஆண்டில் கூடுதலாக 23 கோடிப் பேர் தேசியக் குறைந்தபட்சக் கூலி வரம்புக்குக் கீழே தள்ளப்பட்டார்கள் என்று 2021 அறிக்கை கணக்கிட்டது. 25 வயதுக்கு உட்பட்ட பட்டதாரிகளிடையே வேலையின்மை 42 சதவீதத்தைத் தாண்டியிருப்பதை 2023 அறிக்கை காட்டியது. இந்த இரண்டாவது எண்ணை நம் மாவட்டத்துப் பெற்றோருக்கு விளக்க வேண்டியதே இல்லை. பட்டம் பெற்ற பிள்ளைகள் வளைகுடாவுக்கு விசா எதிர்பார்த்தோ தேர்வாணையத் தேர்வுகளுக்குப் படித்தோ வீட்டில் காத்திருக்கும் தெருக்கள் இங்கே ஊருக்கு ஊர் உண்டு. பல்கலைக்கழகம் ஒன்று தன் மாணவர்கள் நுழையப்போகும் வேலைச் சந்தையின் கசப்பான உண்மையைத் தானே அளந்து வெளியிடுவதைப் பாராட்டுகிறேன். வேலைவாய்ப்பு நூறு சதவீதம் என்று பதாகை கட்டும் நிறுவனங்கள் நடுவில் இது அரிய நேர்மை. சூழலியல் அறிஞர் ஹரிணி நாகேந்திராவின் தலைமையில் காலநிலை மாற்றம் குறித்து அங்கே நடக்கும் பணியும் நமக்கு நெருக்கமானது. ஒக்கிப் புயலை 2017-இல் கண்ட மாவட்டம் இது. சுசீந்திரம்–தேரூர், வேம்பனூர் ஈரநிலங்கள் 2022-இல் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் இடம்பெற்ற மாவட்டமும் இதுவே. இந்த நீர்நிலைகளைப் பற்றி நம் பிள்ளைகளே ஆராய்ந்து எழுதும் நாள் வர வேண்டும் என்பது என் ஆசை.

கட்டணத்தில் இப்பல்கலைக்கழகம் மற்ற லிபரல் ஆர்ட்ஸ் நிறுவனங்களிலிருந்து தெளிவாக விலகி நிற்கிறது. அறிவிக்கப்பட்ட கட்டணத்தைப் பார்த்தவுடனேயே இங்குள்ள பெற்றோர் பின்வாங்கிவிடுகிறார்கள், அது இயல்பு. ஆனால் குடும்ப வருமானத்தை அடிப்படையாகக் கொண்டு, பாடக் கட்டணத்திலும் விடுதிச் செலவிலும் பகுதியாகவோ முழுமையாகவோ உதவித்தொகை தருகிறார்கள். இந்தத் தாராளத்தின் பின்னால் 2019-இல் அசிம் பிரேம்ஜி விப்ரோ என்ற தம் தகவல் தொழில்நுட்ப நிறுவனப் பங்குகளின் பயனிலிருந்து, இப்பல்கலைக்கழகத்தின் பின்னுள்ள அசிம் பிரேம்ஜி அறக்கட்டளைக்கு ஒதுக்கிய பெருந்தொகை இருக்கிறது. அந்த அறிவிப்போடு அவருடைய கொடையின் மொத்த மதிப்பு சுமார் 1.45 லட்சம் கோடி ரூபாயைத் தொட்டது. மாணவர் கட்டணத்தை நம்பி வாழவேண்டிய தேவை இல்லாத தனியார் பல்கலைக்கழகங்கள் இந்த நாட்டில் மிகக் குறைவு. பாடத்திட்டத்தில் அவர்கள் காட்டும் துணிவுக்கும் இதுவே வேர்.

இனி வருங்காலத் திட்டம். 2023-இல் போபாலில் இரண்டாவது பல்கலைக்கழகம் தொடங்கியது. மூன்றாவதற்கு ஜார்க்கண்டின் ராஞ்சியைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். நல்ல கல்லூரிகள் அடர்ந்திருக்கும் தெற்கிலிருந்து, அவை அரிதாக உள்ள மத்திய, கிழக்கு மாநிலங்களை நோக்கி நகரும் இந்த முடிவு நியாயமானது என்றே சொல்வேன். தமிழ்நாட்டில் ஒன்று வேண்டும் என்று கேட்பதற்கு முன், நாற்பது, ஐம்பது கிலோமீட்டருக்கு ஒரு கல்லூரிகூட இல்லாத பழங்குடி வட்டங்களை எண்ணிப்பார்க்க வேண்டும். நமக்குப் பேருந்தில் அரை மணி நேரத்தில் கல்லூரி வந்துவிடுகிறது. ஆயினும் விரிவாக்கத்தில் ஒரு கவலை எனக்கு உண்டு. முதல் வளாகத்தின் தரத்துக்குக் காரணம் பொறுமையாகச் சேர்த்த ஆசிரியர் குழு. அதே பொறுமை மூன்று ஊர்களிலும் இருக்குமா என்பதை இனிவரும் ஆண்டுகளில் மாணவர் எண்ணிக்கையை வைத்துப் பார்க்கக் கூடாது. நிரந்தர ஆசிரியர்களின் எண்ணிக்கையையும், அவர்கள் எத்தனை ஆண்டுகள் தங்கியிருக்கிறார்கள் என்பதையும் வைத்தே பார்க்க வேண்டும்.

முதலில் குறிப்பிட்ட பெரிய குறைபாடு மொழி. பெங்களூரு வளாகத்தில் கற்பிக்கும் மொழி ஆங்கிலம். ஆங்கிலத்தில் பின்தங்கிய மாணவர்களுக்கு மொழிப் பயிற்சி உண்டு என்றாலும், பன்னிரண்டாம் வகுப்புவரை தமிழ் வழியில் படித்து, வாசிப்பிலும் சிந்தனையிலும் சிறந்து நிற்கும் பிள்ளை, முதல் பருவத்தில் தன் அறிவில் பாதியைக்கூட வெளிப்படுத்த முடியாமல் தவிக்க நேரும். அறக்கட்டளையின் பள்ளிப் பணி புதுச்சேரியில் தமிழ்ச் சூழலில் நடக்கிறது. தமிழில் ஆசிரியர்களோடு உரையாடும் அனுபவம் அந்த அமைப்புக்குள்ளேயே இருக்கும்போது, முதலாண்டு மாணவருக்கான அடிப்படை வாசிப்புகளையேனும் தமிழில் தருவது கடினமன்று. அடுத்த பத்தாண்டுத் திட்டத்தில் புதிய வளாகத்தைவிட இதையே முதலில் வைக்க வேண்டும் என்று உறுதியாக நம்புகிறேன்.

இதோடு சேர்ந்து வருகிறது முதல் நடைமுறைச் சிக்கல். தமிழ் வழியில் படித்தோருக்குத் தமிழ்நாடு அரசுப் பணிகளில் 20 சதவீத முன்னுரிமை ஒதுக்கீடு உண்டு. 2020-இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, அந்தப் பணிக்குரிய கல்வித் தகுதிவரை முதல் வகுப்பிலிருந்தே தமிழ் வழியில் படித்திருக்க வேண்டும். ஆங்கில வழிப் பட்டம் பெற்றால், பட்டப்படிப்பைத் தகுதியாகக் கேட்கும் பணிகளுக்கு அந்த முன்னுரிமை போய்விடும். அரசுப் பணியே ஒரே நோக்கம் என்றால், நாகர்கோவிலில் தமிழ் வழியில் இளங்கலை படிப்பதே புத்திசாலித்தனம். இரண்டாவது சிக்கல், பட்டத்தின் பெயர். அரசுப் பள்ளி, கல்லூரி ஆசிரியர் பணிக்குத் தேர்வு பாடவாரியாக நடக்கிறது. பல துறைகளை இணைத்துப் புதிய பெயரில் வழங்கப்படும் பட்டங்களுக்கு, அவை வழக்கமான பாடப் பட்டத்துக்கு நிகரானவை என்று காட்டும் இணைத்தன்மைச் சான்று கேட்கப்படுவதுண்டு. ஆசிரியர் பணியை விரும்பும் பிள்ளை, முதன்மைப் பாடம் பட்டச் சான்றிதழில் எவ்வாறு குறிப்பிடப்படும் என்பதைச் சேர்வதற்கு முன்பே எழுத்தில் கேட்டுப் பெற வேண்டும்.

அந்தப் பல்கலைக்கழகத்தின் இளங்கலை நான்காண்டு என்பதும் இங்கே பலருக்குத் தயக்கம் தருகிறது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022-ஆம் ஆண்டு வரையறைப்படி மூன்றாண்டுப் பட்டத்துக்கு 120 கிரெடிட் எனப்படும் பாட அலகுகளும் நான்காண்டு ஹானர்ஸ் பட்டத்துக்கு 160 அலகுகளும் தேவை. நான்காண்டு முடித்தவர் ஓராண்டில் முதுகலையை முடிக்கவும் வழி செய்யப்பட்டிருக்கிறது. மொத்தக் காலத்தில் இழப்பு இல்லை. ஆனால் வீட்டுக்கு மூத்த பிள்ளை மூன்றாண்டில் சம்பாதிக்கத் தொடங்க வேண்டிய நிலையில் இருந்தால், அந்த ஓராண்டின் கனம் வேறு.

"டீச்சர், பொம்பளப் பிள்ளைய அவ்வளவு தூரம் அனுப்பணுமா?" என்று தாய்மார் கேட்கும்போது, பெங்களூருக்கு நாகர்கோவிலிலிருந்தே நேரடி இரவு ரயில் இருக்கிறது என்பதையும், அங்கே வளாகத்திலேயே தங்கிப் படிக்கலாம் என்பதையும் சொல்கிறேன். போபால் அப்படியன்று, ரயிலிலேயே இரண்டு நாள் கழியும். விடுமுறைக்கு அடிக்கடி வர முடியாது. முதன்முறையாக வீட்டை விட்டுப் போகும் பிள்ளைக்கு பெங்களூரு வளாகத்தையே சொல்வேன்.

வரலாறு, பொருளியல், தத்துவம், இயற்பியல், உயிரியல் ஆகியவற்றில் உண்மையான ஆர்வமும், ஆங்கிலத்தில் ஓரளவு வாசிக்கும் பழக்கமும், பள்ளிக் கல்வியிலோ சமூகப் பணியிலோ ஆராய்ச்சியிலோ ஈடுபடும் விருப்பமும் உள்ள பிள்ளைக்கு இது மிகப் பொருத்தமான இடம். பட்டம் வாங்கியவுடன் பெருநிறுவனத்தில் பெரிய சம்பளம் என்ற எதிர்பார்ப்போடு போகிறவருக்குப் பொருந்தாது.

விண்ணப்பிக்க நினைப்போர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நம் கலைக் கல்லூரிகளில் சேர்க்கை மே மாதத்தில் மேல்நிலைத் தேர்வு முடிவு வந்தபின் சூடுபிடிக்கும். அந்தப் பழக்கத்திலேயே இருந்துவிட்டால் இந்தப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைக்காது. நுழைவுத் தேர்வும் நேர்காணலும் பொதுத் தேர்வு முடிவுக்கு முன்பே நடக்கின்றன. ஆகவே பன்னிரண்டாம் வகுப்பின் முதல் பாதியிலேயே அறிவிப்பைப் பார்க்கத் தொடங்க வேண்டும். உதவித்தொகை முழுவதும் குடும்ப வருமானத்தைப் பொறுத்தது என்பதால், வட்டாட்சியர் வழங்கும் வருமானச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் அரையாண்டுத் தேர்வுக்கு முன்பே விண்ணப்பித்து வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. மீன்பிடித் தொழிலாளர், ரப்பர் பால் வெட்டுவோர் போல மாதாமாதம் வருமானம் மாறும் குடும்பங்கள், அந்த ஏற்றத்தாழ்வை விளக்கி ஒரு பக்கக் கடிதத்தையும் சான்றிதழோடு இணைத்து அனுப்பலாம்.