38,500 ரூபாயும் போச்சு, அப்பா பேசினதும் போச்சு: தர்மபுரியில் டூர் வீடியோ எடிட்டிங் கொடுக்கப் போறவங்க படிச்சிட்டுப் போங்க

38,500 ரூபாய். முதல்லயே எழுதிடறேன். இன்னிக்குக் காலையில அந்த ஸ்டுடியோ ஓனர் என்கிட்ட, "சின்ன அமவுண்ட்டு தானேக்கா, அதுக்குப் போயி இப்படிக் கத்துறீங்க" அப்படின்னார். அவருக்குச் சின்னதா இருக்கலாம். எங்க அப்பாவோட ஒரு மாசப் பென்ஷன்ல பெரிய பாதி அது.

தர்மபுரி டவுனுக்குள்ள இருக்கிற கல்யாண வீடியோ ஸ்டுடியோ. ட்ரோன், எல்இடி திரை, ஆல்பம், மஞ்சள் நீராட்டு, காதுகுத்து எல்லாம் எடுக்கிறவங்க. பேர் போடலை. புகார் எழுதிக் கொடுக்கிற வரைக்கும் பேர் போட வேண்டாம்னு தெரிஞ்ச வக்கீல் சொல்லியிருக்கார், அதனால மட்டும்தான்.

என் தங்கச்சி சிகாகோவில் இருக்கா. அப்பாவும் அம்மாவும் விசிட்டர் விசாவில் போய், கொடுத்த ஆறு மாசத்தையும் கிட்டத்தட்ட முழுசா அங்க இருந்துட்டு வந்தாங்க. அப்பா ரிட்டயர்டு தலைமையாசிரியர். போறதுக்கு முன்னாடியே இங்க ஒரு ஹேண்டிகேம் வாங்கி, எங்க தெரு நாய், கோழி எல்லாத்தையும் எடுத்துப் பழகிக்கிட்டுத்தான் போனார். ஒவ்வொரு தடவை கேமராவை ஆன் பண்ணும்போதும் தேதி, கிழமை, இடம், கூட யார் யார்னு சொல்லிட்டுத்தான் ஆரம்பிப்பார். கரும்பலகையில மேல் ஓரத்துல தேதி எழுதிட்டுப் பாடம் நடத்துற மாதிரி. இதைக் கவனத்துல வெச்சுக்கோங்க, பின்னாடி வேணும்.

நயாகராவில படகுல ஏறினாங்க. இவங்களுக்கு அமெரிக்க விசா மட்டும்தான், அதனால அமெரிக்கக் கரையிலிருந்து போற படகு. அங்க எல்லாருக்கும் நீலக் கலர் மழைக்கோட்டு கொடுப்பாங்க. சாரல் அடிக்க அடிக்க அப்பா, "ஒகேனக்கல்ல ஆடிப்பெருக்கு சமயத்துல மெயின் அருவிகிட்ட நின்னா இதே சத்தம்தான், ஆனா அங்க மீன் வறுக்கிற வாசனை வரும்"னு சொல்றார். அம்மா பென்னாகரத்துக்காரங்க. "பரிசல்ல இதைவிடப் பயமா இருக்கும், இது என்ன பெருசு"ங்கிறாங்க, ஆனா கை ரெண்டும் கம்பியை விடலை. இதைத் தங்கச்சி எனக்கு வீடியோ கால்ல போட்டுக் காட்டினப்ப நான் பார்த்தேன். அங்க யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவுல ஓல்ட் ஃபெய்த்ஃபுல்னு ஒரு வெந்நீர் ஊற்று. சுமார் ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு தடவை பீறிக்கிட்டு மேல வரும். அதுக்காக உட்கார்ந்திருக்கிற நேரம் முழுக்க அப்பா கேமராவை ஓடவிட்டு, பேரப் பிள்ளைகளுக்குத் தன்னோட சின்ன வயசுக் கதை சொல்றார். நல்லம்பள்ளி, கிணத்துல நீச்சல், முதல் வேலை எல்லாம். ஊற்று வெடிக்கிறது சில நிமிஷம்தான். எங்களுக்கு அதுக்கு முன்னாடி இருந்ததுதான் வேணும்.

நீண்ட பயணத்துல ஃபோன் சீக்கிரம் நிறைஞ்சிடும். ஐஃபோன்ல 4கே-யில ஒரு நிமிஷம் எடுத்தாலே சுமாரா 170 எம்பி போயிடும். அதனால தங்கச்சி ஒவ்வொரு ஊர் முடிஞ்சதும் ஃபோன்கள்ல இருந்ததையும் ஹேண்டிகேம் கார்டையும் ஒரு டிபி ஹார்ட் டிஸ்க்குக்கு மாத்திட்டு, அடுத்த ஊருக்கு இடம் காலி பண்ணிக்கிட்டே வந்திருக்கா. அந்த டிஸ்க்கைத்தான் அப்பா பெட்டியில கொண்டு வந்தார். கோட்டை மல்லிகார்ஜுனேஸ்வரர் கோயில்ல அவங்களுக்கு எழுபதாம் கல்யாணம் வெச்சிருந்தோம். அன்னிக்கு சாயங்காலம் மண்டபத்துல சொந்தக்காரங்க எல்லாருக்கும் போட்டுக் காட்டணும். ஒரு மணி நேரப் படம். அவ்வளவுதான் ஆசை.

இப்ப அந்த ஸ்டுடியோவுக்குப் போன நாளைச் சொல்றேன். அதை நினைச்சாத்தான் எனக்கு வயிறு எரியுது. ஓனர் எழுந்து நின்னு அப்பாவுக்கு நாற்காலி போட்டார். "சார், எங்க சித்தப்பா உங்ககிட்ட படிச்சவரு"ன்னார். டீ வந்துச்சு. டிஸ்க்கைச் சொருகி நயாகரா கிளிப்பைப் போட்டார். ஒகேனக்கல் பேச்சு வந்ததும் நிறுத்திட்டு, "அக்கா, இதுதான் படமே. பாட்டு கீட்டு எதுவும் மேல போடக் கூடாது. சார் குரலை அப்படியே விட்டுடணும்"னார். நான் சொல்லலை, அவரா சொன்னார். கண்ணைக்கூடத் துடைச்சார். அப்பா முகத்துல அப்படி ஒரு சந்தோஷம். கடையை விட்டு வெளிய வந்ததும், "பையன் விவரமானவன்மா, புரிஞ்சுக்கிட்டான்"னு சொன்னார்.

நான் கேட்டேன்: காப்பி போட்டுட்டு டிஸ்க்கைத் திருப்பிக் கொடுத்துடறீங்களான்னு. "எடிட்டிங் முடியற வரைக்கும் எடுக்கக் கூடாதுக்கா, லிங்க் அறுந்துடும். எங்ககிட்ட ரெண்டு சிஸ்டத்துல பேக்கப் இருக்கு, நீங்க நிம்மதியா இருங்க"ன்னார். லிங்க் விஷயம் உண்மைதான். எடிட்டிங் சாஃப்ட்வேர் வீடியோவை உள்ள இழுத்து வெச்சுக்காது, டிஸ்க்ல இருக்கிற ஃபைலைச் சுட்டிக்காட்டி மட்டும் வெச்சுக்கும். அந்த உண்மையை வெச்சே டிஸ்க்கைப் பிடிச்சு வெச்சுக்கிட்டார். ரெண்டு சிஸ்டத்துல பேக்கப்னு சொன்னதுதான் முழுப் பொய்.

அட்வான்ஸ் 20,000 ஜிபேல வாங்கினார். அப்புறம் ஃபோன் பண்ணி, வீட்டுக்குள்ள எடுத்ததெல்லாம் விட்டு விட்டு மினுக்குது, அதைச் சரி பண்ணத் தனியா 3,500 ஆகும்னார். நம்ம ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், அமெரிக்காவுல 60. இங்க வாங்கின கேமராவுல அந்த ஊர் லைட்டுக்கடியில எடுத்தா அப்படித்தான் மினுக்கும். சரின்னு அனுப்பினோம். முதல் கட், அதாவது வெட்டி ஒட்டின முதல் வடிவம், ரெடின்னு சொல்லி இன்னொரு 15,000. மொத்தம் 38,500. பில் கேட்டப்பல்லாம் "பில் புக் பிரிண்டுக்குப் போயிருக்கு."

அதுக்கப்புறம் ஆரம்பிச்சுது. எடிட்டர் தம்பிக்குக் காய்ச்சல். முகூர்த்த சீசன்க்கா, ஆளே இல்ல. ரெண்டரிங்ல (எடிட் பண்ணினதைக் கம்ப்யூட்டர் ஒரே வீடியோவா மாத்துற வேலை) போட்டிருக்கு, நைட்டு முடிஞ்சிடும். கரண்ட் போயிடுச்சு, மறுபடி முதல்ல இருந்து ஓடுது. நேர்ல போனா "ஓனர் சாப்பிடப் போயிருக்காரு", எத்தனை மணிக்குப் போனாலும் அதே சாப்பாடு. முதல் கட்டைப் பார்க்கிறோம்னா "டைரக்டா ஃபைனலே பாருங்க, சர்ப்ரைஸா இருக்கும்." எழுபதாம் கல்யாணத்துக்கு முந்தின ராத்திரி ஒரு பையன் பென்டிரைவ் கொண்டு வந்து வாசல்ல கொடுத்துட்டு வண்டியை நிறுத்தாமலே போயிட்டான்.

அப்பா, அம்மா, பெங்களூர்ல இருந்து வந்த சித்தி எல்லாரும் உட்கார்ந்து போட்டோம்.

பூ இதழ் கொட்டி, தங்க எழுத்துல பேர் வருது. கல்யாண டெம்ப்ளேட். முதல் நொடியிலிருந்து கடைசி நொடி வரைக்கும் ஒரே புல்லாங்குழல் மியூசிக். ஒரு இடத்துலகூட அப்பா பேசறது இல்ல. அம்மா பேசறது இல்ல. உதடு மட்டும் அசையுது. நயாகரா வருது, மேலிருந்து ட்ரோன் காட்சி. எங்க வீட்டுல யார்கிட்டயும் ட்ரோன் கிடையாது. அடுத்தது படகு. படகு நிறையச் சிவப்பு மழைக்கோட்டு! சிவப்பு கனடாக் கரையிலிருந்து போற படகுல கொடுக்கிறது. நெட்ல கிடைச்சதை எடுத்து ஒட்டியிருக்காங்க. எங்க அம்மா நீலக் கோட்டு போட்டுக்கிட்டுக் கம்பியைப் பிடிச்சிருந்தது எங்க? அடுத்து லாஸ் வேகாஸ் ராத்திரி வெளிச்சம். அவங்க அந்த ஊர்ப் பக்கமே போகலை. யெல்லோஸ்டோன்ல ஊற்று மட்டும் ஸ்லோ மோஷன்ல. காத்திருந்த நேரம், கதை, பிள்ளைங்க, எதுவும் இல்ல.

வரிசையும் தப்பு. ஹேண்டிகேம்ல ஓடுனது நம்ம ஊர் நேரம். ஃபோன்கள்ல அந்தந்த ஊர் நேரம். கோடைகாலத்துல சிகாகோ நம்மைவிடப் பத்தரை மணி நேரம் பின்னாடி, நயாகரா ஒன்பதரை, யெல்லோஸ்டோன் பதினொன்றரை. ரெண்டையும் ஒண்ணாக் கொட்டி ஃபைல் நேரப்படி அடுக்கினா காலையில நடந்தது ராத்திரிக்கு அப்புறம்தான் வரும். பிட்ஸ்பர்க் வெங்கடேஸ்வரர் கோயில்ல புளியோதரை சாப்பிட்டுக்கிட்டே இருக்காங்க, நடுவுல முந்தின நாள் ஹோட்டல் ரூம் வருது, மறுபடி புளியோதரை. கேமரா கிளிப்களை மொத்தமா நேரம் நகர்த்தினா சரியாகிற விஷயம். அதுகூட வேண்டாம், அப்பா ஒவ்வொண்ணுலயும் தேதியும் இடமும் வாயால சொல்லியிருக்கார். காது கொடுத்துக் கேட்டிருந்தாலே போதும். ஒருத்தரும் கேட்கவே இல்ல.

படம் முடிஞ்சதும் அப்பா கேட்டார், "நான் பேசினதெல்லாம் எங்கம்மா?" என்னால பதில் சொல்ல முடியலை. மண்டபத்துல படம் போடலை. திரையைச் சுருட்டி வெச்சுட்டோம். விசேஷம் முடியற வரைக்கும் சொந்தக்காரங்க ஒவ்வொருத்தரா வந்து "படம் எப்பப் போடுவீங்க"ன்னு கேட்டுக்கிட்டே இருந்தாங்க.

மறுநாள் போனேன். பணம்கூட வேண்டாம், டிஸ்க்கைக் கொடுங்க, நாங்க வேற இடத்துல பார்த்துக்கிறோம்னேன். "தேடித் தர்றோம்." அடுத்த தடவை "கோயம்புத்தூர் லேபுக்குப் போயிருக்கு." எங்க மாமா கூட வந்து சத்தம் போட்டதுக்கு அப்புறம் மேசை டிராயர்லயே இருந்துச்சு. வீட்டுக்கு வந்து போட்டுப் பார்த்தா, முன்னப் பின்னத் தெரியாத ஒரு பொண்ணுக்கு நலுங்கு வெக்கிறாங்க. பந்தல்கால், மாப்பிள்ளை அழைப்பு, விருந்து. யாரோ ஒரு குடும்பத்தோட கல்யாணம் முழுசா எங்க டிஸ்க்ல. எங்க ஃபைல் ஒண்ணுகூட இல்ல. அவங்களுக்கு டிஸ்க் பத்தலை, எங்களோடதை ஃபார்மேட் பண்ணிக் கல்யாணத்தைக் கொட்டிட்டாங்க.

பெங்களூர்ல டேட்டா ரெக்கவரி பண்ற இடத்துல காட்டினோம். ஃபார்மேட் மட்டும் பண்ணியிருந்தா பெரும்பாலும் எடுத்திருக்கலாம், மேல வேற வீடியோவை எழுதிட்டதால எழுதின இடத்துல இருந்தது போனது போனதுதான்னுட்டாங்க. கிடைச்சது சில உடைஞ்ச துண்டு. ஒண்ணுலயும் சத்தம் வரலை.

ஓனர் சொன்ன பதில்களை வரிசையா எழுதறேன். முதல்ல "அப்படி நடக்க வாய்ப்பே இல்லக்கா." அப்புறம் "வேலையை விட்டுப் போன பையன் பண்ணிட்டான்." அப்புறம் "நீங்க கொடுக்கும்போதே டிஸ்க் கரப்ட்." நயாகராவைப் போட்டுப் பார்த்துக் கண்ணைத் துடைச்ச அதே ஆள் சொல்றார், கரப்ட்டாம். அப்புறம் வாட்ஸ்அப்ல நீல டிக் மட்டும். அப்புறம் அதுவும் இல்ல, பிளாக். இன்னிக்கு நேர்ல போனதுக்குத்தான் "சின்ன அமவுண்ட்டு." 38,500 திருப்பிக் கேட்டா, "படம் டெலிவரி ஆயிடுச்சே, பென்டிரைவ் உங்ககிட்ட தானே இருக்கு." அப்பாவை எழுந்து நின்னு வரவேற்ற ஆளு, இன்னிக்கு நான் நிக்கிறப்ப ஃபோனைப் பார்த்துக்கிட்டே பேசினார்.

என்னென்ன கவனிக்கணும்னு விவரமா எழுதணும்னுதான் உட்கார்ந்தேன். இப்ப இருக்கிற கோபத்துல வர்றதை எழுதறேன். மூல டிஸ்க்கை எந்தக் கடையிலயும் விடாதீங்க, காப்பியை மட்டும் கொடுங்க. லிங்க் அறுந்துடும்னு சொன்னா அந்தக் காப்பிக்குத்தானே லிங்க் போடுவீங்கன்னு கேளுங்க. கல்யாண வீடியோ பண்றவங்க டூர் வீடியோ நல்லாப் பண்ணுவாங்கன்னு நம்பாதீங்க. இவங்களுக்குப் பேச்சுன்னா மியூட் பண்ற சமாச்சாரம். பேச்சு இருக்கணும்னு வாட்ஸ்அப்லயாவது எழுத்துல வாங்குங்க. முதல் கட்டைக் கண்ணால பார்க்காம அடுத்த தவணை அனுப்பாதீங்க. பில் இல்லாட்டி ஜிபே ஸ்கிரீன்ஷாட்டைப் பத்திரமா வெச்சுக்கோங்க. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. மாவட்ட நுகர்வோர் ஆணையத்துல ரெண்டு வருஷத்துக்குள்ள புகார் கொடுக்கலாம், நாம கொடுத்த பணம் 5 லட்சம் வரைன்னா கட்டணம் கிடையாது. இப்போதைக்கு இவ்வளவுதான்.

தங்கச்சிகிட்ட வாட்ஸ்அப்ல சுருங்கிப் போன சில கிளிப் இருக்கு, தேடி அனுப்பிக்கிட்டிருக்கா. ஒகேனக்கல் பேச்சு இதுவரைக்கும் கிடைக்கலை.

புகார் மனு எழுதியாச்சு, நாளைக்குக் கொடுக்கிறேன். 38,500 ரூபாயும் கேட்டிருக்கேன். அந்த டிஸ்க்கை யார், எந்தத் தேதியில ஃபார்மேட் பண்ணினாங்கன்னு எழுத்துல பதிலும் கேட்டிருக்கேன். பணத்தைக் கொடுத்துட்டுப் பதிலை விட்டுடலாம்னு நினைச்சா, விடப் போறதில்ல.