மொரிஸ் மைனருக்கு பொயின்ற்றா, எலெக்ட்ரோனிக்கா?

மட்டக்களப்பில் பழைய மொரிஸ் மைனர் வைத்திருப்பவர்கள் சந்தித்தால் பேச்சு எப்படியும் இங்கே வந்துவிடும்: பிளக்குகளுக்குப் பொறியைப் பகிரும் டிஸ்ரிபியூட்டருக்குள், பொறிக்கான கரண்டைத் துண்டித்துத் துண்டித்து விடும் பொயின்ற்றையே வைத்திருப்பதா, கழற்றிவிட்டு அதே வேலையைச் செய்யும் எலெக்ட்ரோனிக் கிட் போடுவதா? என் 1098 சிசி காரில் பொயின்ற்றையே வைத்துக்கொண்டேன்.

கிட்டின் நன்மைகள் தெரிந்தவைதான். உராய்ந்து தேய எதுவும் இல்லை. டைமிங் நகராது, ஐட்லிங் சீராக இருக்கும். பொயின்ற்றில் அப்படியில்லை. சுழலும் கேமில் உராயும் பொயின்ற்றின் குதி தேயத் தேய இடைவெளி குறையும், டைமிங் பின்தங்கும். சில ஆயிரம் கிலோமீற்றருக்கு ஒருமுறை இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜ் வைத்து 0.015 அங்குலத்துக்கு, அதாவது 0.38 மி.மீ. அளவுக்கு, திருத்த வேண்டும். கேமில் கொஞ்சம் கிறீஸ் பூசினால் தேய்மானம் குறையும்.

ஆனால் எனக்கு எல்லாவற்றையும் தீர்மானித்தது ஒரே கேள்வி. வண்டி வழியில் நின்றால், என்ன பிழை என்று அங்கேயே கண்டுபிடிக்க முடியுமா? கல்லடியில் நின்றால் யாராவது தள்ளிவிடுவார்கள். வாகரைப் பக்கம், ஏ15 வீதியில், வெயில் சாயும் நேரம் நின்றால்?

பொயின்ற் உள்ள காரில் ஒரு சோதனை பல்ப், ஒரு ஸ்குரூ டிரைவர், ஒரு துண்டு எமரித் தாள் போதும். எனக்கு இதைக் காட்டித் தந்த வயதான மெக்கானிக், "முதல்ல கரண்ட் வருதா எண்டு பாருங்க மனே, பிறகு மற்றதைத் தொடலாம்" என்பார். டிஸ்ரிபியூட்டர் மூடியைத் திறந்து, பொயின்ற் ஒட்டி நிற்கும்படி என்ஜினைச் சுற்றி வையுங்கள். மூடியின் நடுவில் இருக்கும் தடித்த வயரைக் கழற்றி, ரப்பர் பிடியுள்ள குறட்டால் பிடித்து, நுனியை என்ஜின் இரும்பிலிருந்து கால் அங்குலம் தள்ளி வையுங்கள். சுவிட்சைப் போட்டு ஸ்குரூ டிரைவரால் பொயின்ற்றைப் பிரித்தால் நீலப் பொறி பாய வேண்டும். பாய்ந்தால் கொயிலும் (பொறிக்கான உயர் அழுத்த மின்சாரம் தரும் சுருள்) பொயின்ற்றும் நல்லது. பிழை மூடிக்குள் சுழலும் ரோட்டரிலோ, மூடியிலோ, பிளக் வயரிலோ, பிளக்கிலோதான்.

பொறி இல்லையா? பல்பின் ஒரு முனையை ஏர்த்துக்கும் (காரின் இரும்பு உடல்) மறுமுனையைக் கொயிலின் சி.பி. முனைக்கும் (பொயின்ற்றுக்கு வயர் போகும் முனை) கொடுங்கள். பொயின்ற் பிரிந்தால் எரிந்து, ஒட்டினால் அணைய வேண்டும். எப்போதும் எரிந்தால் பொயின்ற் ஒட்டவில்லை, அல்லது முகம் கருகியிருக்கிறது: எமரித் தாளால் தேய்த்துவிட்டால் வீடு போய்ச் சேரலாம். எரியவே இல்லை என்றால் எஸ்.டபிள்யூ. முனைக்கு (சுவிட்சிலிருந்து வயர் வரும் முனை) மாற்றிப் பாருங்கள். அங்கே எரிந்தால் கொயில் உள்ளே அறுந்திருக்கும், அல்லது கண்டென்சரோ (பொயின்ற்றில் பொறி அடிக்காமல் காக்கும் சிறு உறுப்பு) பொயின்ற் வயரோ ஏர்த் ஆகியிருக்கும். அங்கும் எரியாவிட்டால் பிழை சுவிட்ச், வயரிங் பக்கம்.

கண்டென்சர் ஏர்த் ஆகாமல் வலுவிழந்து போவதும் உண்டு. பொயின்ற் நடுவே பெரிய பொறி அடிக்கும், பிளக்கில் மெல்லிய மஞ்சள் பொறிதான் வரும். நல்ல பழைய கண்டென்சர் இருந்தால், புதிது வாங்கினோம் என்பதற்காக அதை மாற்றாதீர்கள். இப்போது கடைகளில் வருபவற்றை நான் அவ்வளவாக நம்புவதில்லை.

கிட்டில் இந்த வழி இல்லை. அதன் எலெக்ட்ரோனிக் பெட்டி செத்தால் செத்ததுதான். பெரும்பாலும் முன்னறிவிப்பும் தராது. என்ஜின் ஓடாமல் சுவிட்ச் போட்டபடி விட்டால் சில பெட்டிகள் சூடேறிக் கருகும். இன்னொன்று முக்கியம்: இந்தக் கார்கள் ஆலையிலிருந்து வந்தபோது பொசிட்டிவ் ஏர்த், அதாவது பற்றரியின் பொசிட்டிவ் முனை கார் உடலோடு இணைந்திருக்கும். உங்கள் காரை யாராவது இடையில் மாற்றினார்களா என்று பற்றரியைப் பார்த்து, அதற்கேற்ற கிட்தான் வாங்க வேண்டும். மாறிக் கொடுத்தால் அந்த நிமிடமே பெட்டி போய்விடும்.

அப்புறம், மாரி காலத்தில் காலையில் ஸ்டார்ட் வராமல் அடம்பிடிப்பதற்காகக் கிட் போடப் போகிறவர்கள் பொறுங்கள். வாவிக் காற்றின் ஈரம் மூடிக்குள்ளும் வயர்களிலும் படிவதுதான் அதற்குப் பெரும்பாலும் காரணம். மூடி இரண்டுக்கும் ஒன்றுதான். துடைத்துக் காயவைத்து, முனைகளில் பச்சைக் களிம்பைச் சுரண்டினாலே பல கார்கள் எழும்பிவிடும்.

கிட் போட்டு நான் நீண்ட காலம் ஓட்டியதில்லை; சொந்தக்காரர் ஒருவரின் காரில் பார்த்ததை வைத்தே பேசுகிறேன். அது இதுவரை நன்றாகத்தான் ஓடுகிறது. டிஸ்ரிபியூட்டர் தண்டு தேய்ந்து ஆடினால் பொயின்ற் இடைவெளி ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒவ்வொரு அளவாகும். அப்படியான காருக்கு, தண்டின் புஷ்ஷை மாற்ற வழியில்லை என்றால், கிட்தான் சரி. போடுபவர்கள் பழைய பொயின்ற்றையும் கண்டென்சரையும் பிளேட்டோடு சேர்த்து டிக்கியில் வைத்திருங்கள். பெட்டி போனால் இரண்டு ஸ்குரூவைக் கழற்றி அதையே திரும்பப் பூட்டி ஓடலாம்.